தெளிந்த நீரும் தூய நீரும்

நம் பகுதி மக்கள் தண்ணீரைப் பெயர் சொல்லிப் பிரித்தறிவர். குடிக்கத் தகுந்தது நல்ல தண்ணீர். நாவில் கரிப்பது உப்புத் தண்ணீர். கரிப்பும் இல்லாமல் இனிப்பும் இல்லாமல் இருப்பது சப்பைத் தண்ணீர். எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகும், எதில் வேகாது, எதில் சோப்பு நுரைக்கும், எதில் திரியும் என்பதைத் திண்டுக்கல் வட்டாரத்து இல்லத்தரசி ஆய்வுக்கூடத்தின் துணையின்றியே சொல்லிவிடுவார். இந்தப் பட்டறிவுக்கு அடியில் இருக்கும் வேதியியல் யாது என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓரிடத்தில் சேர்த்து வைத்த நீரைப் பற்றி நாம் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். அது தெளிவாக உள்ளதா? அது கிருமிகளற்றுத் தூய்மையாக உள்ளதா? அதில் கரைந்துள்ள பொருள்கள் தம்முள் சமநிலையில் உள்ளனவா? இம்மூன்றும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறானவை. தெளிந்த நீர் நோயைத் தரலாம். கிருமியற்ற நீர் குழாயை அடைக்கலாம். சமநிலையில் உள்ள நீரில் கிருமிகள் வாழலாம். குடிநீர்க் கிணறு, வீட்டு மாடியில் உள்ள தொட்டி, நீச்சல் குளம், பெரிய விடுதிகளில் உடல்வலி தீரக் குளிப்பதற்கு வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டி ஆகிய அனைத்துக்கும் இம்மூன்று வினாக்களும் பொருந்தும்.

தெளிவு

கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் கலை தமிழர்க்குப் புதியதன்று. தேற்றா மரத்தின் விதையைக் கலத்தின் உட்புறத்தில் தேய்த்து நீரைத் தெளிய வைக்கும் வழக்கம், கலித்தொகையின் நெய்தற்கலியில் உவமையாகவே இடம்பெற்றுள்ளது. கலங்கிய உள்ளம் தெளிவதற்கு அதனை உவமையாக்கிய புலவர், அடுப்படியில் அன்றாடம் நிகழ்ந்ததையே பாடியிருக்க வேண்டும்.

நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. அவை எதிர்மின்னூட்டம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, படியாமல் மிதந்துகொண்டே இருக்கின்றன. தேற்றாங்கொட்டையிலிருந்து கரையும் நீண்ட மூலக்கூறுகள் இத்துகள்களைப் பற்றி இணைத்துத் திரளச் செய்கின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியமோ தன் நேர்மின்னூட்டத்தால் துகள்களின் மின்னூட்டத்தை ஈடுசெய்து, பஞ்சு போன்ற வீழ்படிவாகி அவற்றைத் தன்னோடு அடியில் இழுத்துச் செல்கிறது. நகரங்களின் நீர்த்தூய்மை நிலையங்களில் இன்றும் படிகாரமே பெரிதும் பயன்படுகிறது.

ஆனால் தெளிவு மட்டுமே காப்பாகாது. 1854இல் இலண்டன் நகரின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அதற்குக் காரணம் தெருக்கோடியில் இருந்த அடிகுழாயே என்று ஜான் சுனோ என்னும் மருத்துவர் நிறுவினார். அக்குழாயின் நீர் பார்வைக்குத் தெளிவானது. அதன் சுவைக்காகவே பலர் அதனை விரும்பிக் குடித்தனர். 30 ஆண்டுகள் கழித்து, 1884இல், இராபர்ட் காக் காலராக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்தது நம் நாட்டில்தான். கல்கத்தாவில் மக்கள் குளிக்கவும் துணி துவைக்கவும் குடிக்கவும் ஒருங்கே பயன்படுத்திய குளம் ஒன்றின் நீரில் அக்கிருமி இருந்தது. குளிக்கும் நீரின் தூய்மை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் மண்ணும் நம் நீரும்

திண்டுக்கல் சமவெளி கடினப் பாறைகளின் மீது அமைந்தது. மழைநீர் மண்ணுள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையையும் மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இவ்வாறு கிணற்றை அடையும் நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட்டுகளும் குளோரைடுகளும் சல்பேட்டுகளும் நிறைந்திருக்கின்றன. இதனையே கடினநீர் என்கிறோம்.

கடினத்தன்மை இருவகைப்படும். பைகார்பனேட்டால் விளைவது தற்காலிகக் கடினத்தன்மை. நீரைக் கொதிக்க வைத்தால் இது நீங்கும். குளோரைடு, சல்பேட்டால் விளைவது நிரந்தரக் கடினத்தன்மை. கொதிக்க வைப்பதால் இது நீங்காது. கடினநீரில் சோப்பு நுரைக்காததற்குக் காரணம், சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்துடன் கால்சியம் சேர்ந்து கரையாத பொருளாகித் திரிந்துவிடுவதே. பருப்பு வேகாததற்கும் கால்சியமே காரணம். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்னும் பொருளோடு அது பிணைந்து, அதனை இளகவிடாமல் இறுக்கிவிடுகிறது. ஆப்பசோடாவைச் சிறிதளவு போட்டால் பருப்பு எளிதில் வேகிறது. காரத்தன்மை கூடும்போது பெக்டின் இளகுகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012இல் திருத்தி வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டர் நீரில் மொத்தக் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளுக்கு இவ்வெல்லைகள் முறையே 500, 2000 ஆகும். குளோரைடுக்கு 250, 1000 ஆகும்.

இயற்கை தந்த உப்போடு மனிதன் சேர்த்த உப்பும் நம் பகுதியில் உண்டு. பூட்டுக்கும் சுருட்டுக்கும் பெயர் பெற்றது போலவே திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதில் சமையலுப்பைத் தடவி வைப்பர். தொழிற்கூடத்தில் முதல் வேலை அத்தோலை நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவுவதாகும். பிறகு முடி நீக்கச் சுண்ணாம்பு. பதனிடக் குரோமிய உப்பு. இக்கழிவுநீர் பல ஆண்டுகள் நிலத்தில் இறங்கியதால் சுற்றுப்புறக் கிணறுகள் பல உப்பேறின. குடகனாற்று வடிநிலத்தின் நிலத்தடி நீரைப் பற்றி ஆய்வாளர்கள் பலர் ஆராய்ந்துள்ளனர். தமிழ்நாட்டின் தோல் தொழிற்கூடங்களைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பில் நம் மாவட்டமும் இடம்பெற்றது. மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளுள் இது தலையாயது.

இங்கு ஒரு வேதியியல் உண்மையை மாணவர்கள் மறத்தலாகாது. கிருமியைக் கொல்லலாம், கலங்கலைப் படிய வைக்கலாம், ஆனால் கரைந்த சமையலுப்பை இத்தகைய எளிய வீட்டு முறைகளால் நீக்க இயலாது. கொதிக்க வைத்தால் நீர்தான் குறையும், உப்பின் செறிவு கூடும். சலவைத்தூள் போட்டாலும் படிகாரம் போட்டாலும் அது அப்படியே இருக்கும். ஆகவே உப்பேறிய கிணற்றை மீட்பதினும் உப்பேறாமல் காப்பதே எளிது.

அமிலமும் காரமும்

நீர் அமிலச் சார்புடையதா காரச் சார்புடையதா என்பதை அளக்க 1909இல் டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சென் பி.எச். என்னும் அளவுகோலை வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். இது மடக்கை அளவாதலால், ஓர் எண் மாறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறுகிறது. குடிநீருக்கு 6.5 முதல் 8.5 வரையும், குளிக்கும் குளத்துக்கு 7.2 முதல் 7.8 வரையும் தகுந்தவை.

இதனோடு காரத்தன்மை என்னும் மற்றோர் அளவையும் அறிய வேண்டும். பெயரைக் கண்டு இரண்டும் ஒன்றென மயங்கலாகாது. பி.எச். என்பது நீர் இப்போது நிற்கும் இடத்தைக் காட்டுவது. காரத்தன்மை என்பது நீர் அவ்விடத்தைவிட்டு அசையாமல் இருக்கும் திறனைக் காட்டுவது. பைகார்பனேட் மிகுந்த நீரில் சிறிது அமிலம் விழுந்தாலும் பைகார்பனேட் அதனை விழுங்கிக்கொள்ளும், பி.எச். அதிகம் மாறாது. பைகார்பனேட் குறைந்த மழைநீரிலோ ஒரு துளி அமிலமே பெரிய மாற்றத்தை விளைவிக்கும். மலைக்கோட்டைப் பாறையின் சுனையில் தேங்கும் மழைநீருக்கும் அடிவாரத்துக் கிணற்று நீருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சூடேறும்போது நிகழ்வது

கிணற்று நீரைப் பல நாள் காய்ச்சிய வெந்நீர்த் தவலையின் உட்புறத்தைப் பாருங்கள். வெண்மையான ஓடு ஒன்று படிந்திருக்கும். அது கால்சியம் கார்பனேட். நீர் சூடேறும்போது பைகார்பனேட் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது; எஞ்சிய கார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. பெரும்பாலான உப்புகள் சுடுநீரில் மிகுதியாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சுடுநீரில் குறைவாகக் கரையும். அதனால்தான் மின்சார வெந்நீர்க் கருவியின் சூடேற்றும் கம்பியிலேயே முதலில் ஓடு கட்டுகிறது. அவ்வோடு வெப்பத்தை எளிதில் கடத்தாது, மின்செலவு கூடும், இறுதியில் கம்பி எரிந்துவிடும். புளியைத் தேய்த்துப் பாத்திரம் துலக்கும் வழக்கத்தில், புளியின் டார்டாரிக் அமிலம் இந்தக் கார்பனேட்டையே கரைக்கிறது.

நீர் ஓடு கட்டுமா, அல்லது சுண்ணாம்பை அரித்துத் தின்னுமா என்பதை முன்கூட்டிக் கணிக்க, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்கிலியர் 1936இல் ஒரு வழி கண்டார். நீச்சல் குளத்தினர் அதன் எளிய வடிவத்தைப் பயன்படுத்துகின்றனர். மடக்கை அட்டவணை உள்ள எந்த மாணவரும் இக்கணக்கைச் செய்யலாம்.

பி.எச். மதிப்பை எடுத்துக்கொள்க. அதனோடு கால்சியக் கடினத்தன்மையின் மடக்கையிலிருந்து 0.4 கழித்து வருவதைக் கூட்டுக. பிறகு காரத்தன்மையின் மடக்கையைக் கூட்டுக. அடுத்து வெப்பநிலைக்கு உரிய எண்ணைக் கூட்டுக. 24 பாகை செல்சியசுக்கு 0.6, 29 பாகைக்கு 0.7, 34 பாகைக்கு 0.8, 40 பாகைக்கு 0.9. மொத்தத்திலிருந்து 12.1ஐக் கழிக்க. கரைந்த திடப்பொருள் 1000 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் 12.2ஐக் கழிக்க. விடை சுழிக்கு அருகில் இருந்தால் நீர் சமநிலையில் உள்ளது. 0.5க்கு மேற்பட்டால் ஓடு கட்டும். சுழிக்குக் கீழே 0.5க்கு மேல் இறங்கினால் நீர் பசித்திருக்கிறது. சிமெண்டையும் உலோகத்தையும் அரிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரின் பி.எச். 7.6, கால்சியக் கடினத்தன்மை 400, காரத்தன்மை 300, வெப்பநிலை 29 பாகை எனக் கொள்வோம். 400இன் மடக்கை 2.6; 0.4 போக 2.2. 300இன் மடக்கை 2.5. வெப்பநிலைக்கு 0.7. ஆகவே 7.6, 2.2, 2.5, 0.7 ஆகியவற்றின் கூடுதல் 13.0. 12.1 போக எஞ்சுவது 0.9. இந்நீர் சும்மா இருக்கும்போதே ஓடு கட்டும். இதனையே 40 பாகைக்குச் சூடேற்றினால் விடை 1.1 ஆகும்.

இதே நீரோடு சம அளவு மழைநீரைக் கலந்தால் என்ன ஆகும்? கடினத்தன்மை 200ஆகவும் காரத்தன்மை 150ஆகவும் பாதியாகக் குறையும். மடக்கை முறையே 2.3, 2.2. பி.எச். அதே 7.6 என்று வைத்துக்கொண்டாலும், 29 பாகையில் விடை 0.3 ஆகிறது, நீர் சமநிலைக்கு உட்படுகிறது. வேதிப்பொருள் ஏதும் வாங்காமல் வானம் தந்த நீராலேயே சமநிலை கிட்டுகிறது. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் பயனை இக்கணக்கும் எடுத்துரைக்கிறது.

குளோரின் செய்யும் பணி

குளோரினை 1774இல் சுவீடன் நாட்டுச் சீலே கண்டறிந்தார். 1799இல் சார்லஸ் டென்னன்ட் அதனைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சலவைத்தூளாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். துணி வெளுக்கப் பிறந்த தூள் உயிர் காக்கும் என்பதை 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் காட்டினார். மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவத் தொடங்கியதும் பேறுகாலச் சாவு வெகுவாகக் குறைந்தது. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரிலும், 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரிலும் ஊர்க்குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் கலக்கும் முறை வந்தது.

குளோரின் நீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமியைக் கொல்வதில் முதன்மையானது இதுவே. இது பிரிந்து ஹைப்போகுளோரைட் அயனியாகும்போது கொல்லும் ஆற்றல் பெரிதும் குறைகிறது. எவ்வளவு பங்கு எந்த வடிவில் இருக்கும் என்பதைப் பி.எச். முடிவு செய்கிறது. பி.எச். 7 ஆயின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆற்றல் மிக்க வடிவில் இருக்கும், 7.5 ஆயின் பாதி, 8 ஆயின் நான்கில் ஒரு பங்கு, 8.5 ஆயின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காரம் மிகுந்த நீரில் எத்தனை தூள் போட்டும் பயன் குறைவாக இருப்பதன் காரணம் இதுவே. கிருமியைக் கொல்வதற்கு முன் நீரைச் சமநிலைப்படுத்த வேண்டும் என்று சொல்வது இது பற்றியே.

வியர்வை, சிறுநீர் ஆகியவற்றிலிருந்து வரும் அம்மோனியா முதலியவற்றோடு குளோரின் சேர்ந்தால் குளோரமின் உண்டாகிறது. நீச்சல் குளத்தில் கண் எரிச்சலும் கடுமணமும் தோன்றினால், குளோரின் கூடிவிட்டது என்று பலர் கருதுகின்றனர். அம்மணம் பெரும்பாலும் குளோரமினுடையது. அழுக்கு மிகுந்து, தனிக் குளோரின் குறைந்துவிட்டதற்கு அது அடையாளம். அப்போது குளோரினைக் குறைக்காமல், குளோரமின் முழுவதும் சிதையும் அளவுக்கு அதனைக் கூட்டுவதே முறை.

கிணற்றுக்கு மருந்திடும் முறை

கிணற்றுக்குச் சலவைத்தூள் இடுவதை ஊரகங்களில் காண்கிறோம். முறையறிந்து இட்டால் ஒழிய அது பயன்தராது.

முதலில் நீரின் அளவைக் கணக்கிட வேண்டும். வட்டக் கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14 என்னும் எண்ணாலும் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கனமீட்டர் கிடைக்கும். விட்டம் 3 மீட்டர், ஆழம் 4 மீட்டர் ஆயின் 28.26 கனமீட்டர், அதாவது 28,260 லிட்டர். நல்ல சலவைத்தூள் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுக்கணக்கு. ஆகவே இக்கிணற்றுக்கு ஏறத்தாழ 70 கிராம் போதும். நீரில் அழுக்கு மிகுந்திருந்தால் இவ்வளவு போதாது. சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

தூளை வாளியில் இட்டுச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். அடியில் சுண்ணாம்பு படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளிக்கு மாற்றி, அதனைக் கிணற்றுநீரின் அடிவரை இறக்கி, மேலும் கீழுமாகப் பலமுறை அசைத்துக் கலக்க வேண்டும். சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டுவதால் நீரின் கடினத்தன்மைதான் கூடும்; ஏற்கெனவே கடினநீர் உள்ள நம் பகுதியில் இது தவிர்க்கப்பட வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே நீரை எடுக்க வேண்டும். அப்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின் எஞ்சியிருப்பின் மருந்து போதுமானது. டி.பி.டி. என்னும் மாத்திரையைச் சோதனைக் குழாயிலுள்ள நீரில் இட்டால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறத்தின் அழுத்தத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவு காணலாம்.

சலவைத்தூள் புதிதாக இருக்கையில் நூற்றுக்கு 25 முதல் 33 பங்கு வரை பயன்தரும் குளோரின் கொண்டது. காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் அது விரைவில் வலுவிழக்கும். மணமற்றுப் போன தூளைக் கிணற்றில் கொட்டுவது மனநிறைவு தருமே தவிர வேறு பயன் தராது.

வெந்நீர்த் தொட்டியின் பாடம்

மேலைநாடுகளில் வீடுகளிலும், நம் நாட்டில் பெரிய விடுதிகளிலும், நால்வர் ஐவர் ஒருங்கே அமர்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டிகள் உள்ளன. நீர் 40 பாகையைத் தாண்டக் கூடாது என்பது விதி. அடியிலிருந்து காற்றும் நீரும் குமிழியிட்டுப் பாயும். நாம் பலரும் இதில் குளித்ததில்லை. ஆயினும் நீரைக் காக்கும் கலையின் கடினமான பாடங்கள் அனைத்தையும் இத்தொட்டி நமக்குக் கற்பிக்கிறது.

முதற்பாடம் அளவு. 1500 லிட்டர் தொட்டியில் நால்வர் குளிப்பது, இரண்டரை லட்சம் லிட்டர் நீச்சல் குளத்தில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 670 பேர் குளிப்பதற்கு நிகர். இரண்டாவது வெப்பம். சூட்டில் குளோரின் விரைந்து தீரும்; கிருமிகளோ அவ்வெப்பத்தில் நன்கு வாழும். மூன்றாவது காற்றுக்குமிழி. அது கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதால் பி.எச். தானாகவே ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் எஞ்சிய குளோரினும் வலுவிழக்கும், ஓடும் கட்டும். ஒரு கோளாறு மற்றொன்றுக்கு வழிவிடுவதை இங்கே காண்கிறோம்.

இதன் விளைவு சிறிதன்று. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே புதுவகை நுரையீரல் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தனர். அடுத்த ஆண்டு அதன் கிருமி கண்டறியப்பட்டு லெஜியோனெல்லா எனப் பெயர் பெற்றது. வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் அது பெருகும். அந்நீர் நுண்துளிகளாகக் காற்றில் பரவும்போது மூச்சோடு உள்ளே செல்லும். 1999இல் நெதர்லாந்தில் நடந்த மலர்க்கண்காட்சி ஒன்றில், விற்பனைக்காகக் காட்சியில் ஓடிக்கொண்டிருந்த வெந்நீர்த் தொட்டியிலிருந்து இக்கிருமி பரவி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொட்டியில் குளிக்காமல் அதனைக் கடந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அந்த நீரும் பார்வைக்குத் தெளிவாகவே இருந்திருக்கும்.

இதனால் வெந்நீர்த் தொட்டிக்குத் தனிக் குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாமலும், நீச்சல் குளத்துக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வகுத்துள்ளது. சமநிலைப்படுத்தும் வரிசையும் முக்கியமானது. முதலில் காரத்தன்மை, அது குறைந்திருந்தால் ஆப்பசோடாவால் உயர்த்துவர். இரண்டாவது பி.எச்.; அது கூடியிருந்தால் நீர்த்த அமிலத்தால் தாழ்த்துவர். மூன்றாவது கடினத்தன்மை. இறுதியில்தான் குளோரின். எத்துணை பேணினாலும் வியர்வையின் உப்பும் மருந்தின் உப்பும் நாளடைவில் சேர்ந்துகொண்டே இருக்குமாதலால், குறித்த கால இடைவெளியில் நீரை முற்றிலும் மாற்றியே ஆக வேண்டும். மருந்து நீரைக் காக்குமே தவிரப் புதிதாக்காது.

நம் வீட்டு வெந்நீர்த் தொட்டி

இவையெல்லாம் செல்வர்க்கு உரிய செய்திகள் என்று ஒதுக்குவதற்கில்லை. சித்திரை வைகாசி வெயிலில் நம் வீட்டு மொட்டைமாடியில் காயும் கருநிறப் பிளாஸ்டிக் தொட்டியை எண்ணிப் பாருங்கள். நண்பகலில் குழாயைத் திறந்தால் கை பொறுக்காத சூட்டில் நீர் வருகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீராயினும், ஆத்தூர் காமராசர் அணை நீராயினும், உள்ளாட்சியினர் கலந்து அனுப்பிய குளோரின் அந்தச் சூட்டில் தீர்ந்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீராயின் ஓடும் கட்டுகிறது. தொட்டியின் சுவரில் வழவழப்பான படலம் ஒன்று படிகிறது. அது கிருமிகள் கட்டிய வீடு. மேலுள்ள நீரில் இடும் குளோரின் அப்படலத்தின் உட்புறத்தை எளிதில் எட்டாது. தேய்த்துக் கழுவினால்தான் அது நீங்கும். மூடி உடைந்திருந்தால் ஏடிஸ் கொசுவுக்கும் அதுவே பிறப்பிடம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் அக்கொசு சாக்கடையை நாடாது. நாம் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரையே நாடும்.

எனவே ஆண்டுக்கு இருமுறையேனும் தொட்டியை வடித்து, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு நீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு நல்ல சலவைத்தூள் 200 கிராம் வீதம் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, எல்லாக் குழாய்களையும் மணம் வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு விட வேண்டும். அந்நீரை ஒருவரும் பயன்படுத்தலாகாது. மறுநாள் அதனை முழுவதும் வெளியேற்றி, தொட்டியையும் குழாய்களையும் நல்ல நீரால் அலசிய பின்னரே வழக்கம்போல் நிரப்ப வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சலவைத்தூளையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915இல் ஈப்ரு போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்ற வாயு அதுவே. மூடிய குளியலறையில் சிறிதளவும் உயிருக்கு ஊறு செய்யும். தொட்டிக்குள் இறங்குவோர் தனியே இறங்கலாகாது. மேலே ஒருவர் துணை நிற்க வேண்டும்.

மாணவர்கள் செய்து பார்க்க

ஐந்து கண்ணாடிப் புட்டிகளில் மழைநீர், குழாய்நீர், கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், காய்ச்சி ஆறி வடித்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றைச் சம அளவில் எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைக்க எத்தனை சொட்டு வேண்டியிருக்கிறது என்று குறிக்க. நான்காம் புட்டிக்கும் ஐந்தாம் புட்டிக்கும் உள்ள வேறுபாடே தற்காலிகக் கடினத்தன்மை. ஐந்தாம் புட்டிக்கும் முதற் புட்டிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் நிரந்தரக் கடினத்தன்மை. வேதியியல் மாணவர்கள் இதனையே ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தலால் துல்லியமாக அளக்கலாம். செந்நிறம் நீலமாக மாறும் கணமே முடிவுநிலை. ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிணற்று நீரைக் கொணர்ந்து சோதித்து, ஊர்வாரியாக எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் நம் மாவட்டத்தின் நீர்வரைபடம் ஒன்று கல்லூரியிலேயே உருவாகிவிடும். எந்தக் கிணறு உப்பேறி வருகிறது என்பதை அது காலத்தே காட்டும்.

முடிவுரை

கண்ணால் காண்பது தெளிவு. கருவியால் அளப்பது சமநிலை. நாள்தோறும் பேணுவதால் நிலைப்பது தூய்மை. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகித்தல் பிழை. நீர் ஓரிடத்தில் தேங்கிய நொடியிலிருந்தே அதன் வெப்பமும் உப்பும் காற்றும் உயிரும் அதனை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆதலால் ஒருமுறை செய்துவிட்டு மறக்கும் வேலையன்று நீர்க்காப்பு. அளத்தல், திருத்தல், மீண்டும் அளத்தல் என்னும் இந்த எளிய ஒழுங்கை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கற்றுக்கொண்டால், அவ்வீட்டில் நீரால் வரும் நோய்களுள் பெரும்பாலானவை வாசலிலேயே நின்றுவிடும். அந்த ஒருவர் நம் கல்லூரி மாணவராக இருக்கட்டும்.